உனக்கு போன் வந்திருக்குது

1

போனை நான் எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். இடது காது கேட்காது. என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன் ஆரோக்கியம் அறைந்த அறையில் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. "இன்னொரு தடவ என் தங்கச்சி மேல கை வெச்சா" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. ஓசூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓட்டுகிற கை அது. தகடு நசுங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. அந்தக் காதில் நான் கடைசியாகக் கேட்ட சத்தம் அதுதான்.

இந்த வாரம் எங்கள் வீட்டுத் தரைவழி போனைக் கழற்றிவிட்டார்கள். வட இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில் பழைய செம்புக் கம்பிகளை எல்லாம் எடுத்துவிட்டு, இனி இணையம் வழியாகத்தான் பேச வேண்டும் என்கிறார்கள். கம்பெனியிலிருந்து வந்த ஆள் நல்ல மனிதர். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இந்த போனை யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டார். பயன்படுத்தினேன், ஒரு தரம், போன வருடம் என்று சொல்ல நினைத்தேன். எனக்குத் தமிழிலேயே பேச்சு வராது, ஆங்கிலத்தில் எங்கே வரும்? "நோ" என்றேன். அவர் கட்டரை எடுத்துச் சுவரோரம் குனிந்து, நறுக்கென்று வெட்டினார். வெட்டிய கம்பி கார்ப்பெட்டில் சுருண்டு விழுந்தது.

அவர் போன பிறகும் போன் பெட்டியை நான் குப்பையில் போடவில்லை. அதன் பொத்தான்களை ஊர் நம்பருக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். விரலுக்கு இன்னும் வழி தெரிகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்த நம்பரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் ஓசூர் பக்கம் பேரிகையைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு முன்னால் இருக்கிறது. மாதா கோயிலை ஒட்டி எங்கள் தெரு. அதன் கோடியில் கல் வீடு கட்டியிருந்த தெலுங்குக் குடும்பத்தில்தான் ஊரின் முதல் போன் வந்தது. அந்த வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் லட்சுமக்கா என்போம். தோட்டத்துத் தக்காளிக்கு என்ன விலை என்று ராயக்கோட்டை மண்டியிலிருந்து காலையில் கூப்பிட்டுச் சொல்வார்கள். அதற்காக வாங்கிய போன்.

முதலில் அந்த நம்பர் இரண்டே இலக்கம். பேரிகை எக்ஸ்சேஞ்சில் சொன்னால் இணைப்புக் கொடுப்பார்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச் எலெக்ட்ரானிக் ஆகி நம்பர் நீண்டது. அதற்கும் பிறகு, முன்னால் ஒரு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் குரல் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் வால் மாறவேயில்லை. முதல் நாள் இருந்த இரண்டு இலக்கம் கடைசியில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அது எங்கள் தெருவுக்கே பி.பி. நம்பர். சின்னவர்களுக்கு இது தெரியாது. போன் நம்முடையது இல்லை, பக்கத்து வீட்டினுடையது, கூப்பிட்டால் ஆள் போய் நம்மை அழைத்துவருவார்கள் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில்கூட நம்பருக்குப் பக்கத்தில் பி.பி. என்று போடுவோம். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை கூப்பிட்டு, யார் வேண்டும் என்று பேரை மட்டும் சொல்லி வைத்துவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டால் அந்த ஆள் மூச்சு வாங்க நிற்பார்.

நான் அப்போது ஓசூரில் ஒரு டூல் ரூமில் ஹெல்பர். பத்தாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. அப்பா அம்மா இல்லை. எனக்கென்று இருந்தது ஸ்டெல்லா ஒருத்திதான். எங்கள் தெருவிலேயே ஆரோக்கியத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமான முதல் வருடமே அவன் வயிற்றில் உதைத்ததில் ஐந்து மாதக் கரு கலைந்துவிட்டது. பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவேயில்லை. மலடி என்று அதற்கும் அடித்தான். பெல்ட், குக்கர் மூடி, சைக்கிள் செயின், கையில் எது கிடைக்கிறதோ அது. தெருவே கேட்டுக்கொண்டிருக்கும். யாரும் போகமாட்டார்கள். போனவர்களை, "எங்க வீட்டு விஷயம், நீ யாரு?" என்று வாசலிலேயே சட்டையைப் பிடிப்பான். என் காது போனது அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சும்மா ஓசூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டேன். ஸ்டெல்லா வேணும் என்று சொல்லி வைத்தேன். மறுபடி கூப்பிட்டபோது அவள் குரலே வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. "ஒண்ணுமில்லண்ணா" என்றாள். பிறகு லட்சுமக்கா போனை வாங்கினார்.

"சேவியரு, நல்ல நேரத்துல பண்ணினப்பா. இவ கழுத்து மேல கால வெச்சு நின்னுட்டிருந்தான். நான் போயி வாசல்ல நின்னு, ஸ்டெல்லா உனக்கு போன் வந்திருக்குதுன்னேன். கால எடுத்துட்டான்."

"எடுத்துட்டானாக்கா?"

"ஓசூர்லருந்து போன்னா யாருப்பா வேணாங்கறது? சாவு சேதியா இருந்தா? ஏன்டா அடிக்கறன்னு நான் போயி கேட்டா எங்க வீட்டு விஷயம்பான். போனு எங்க வீட்டு விஷயம். அதுல அவன் பேச முடியாதில்ல?"

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறியதில்லை. சம்பளம் வாங்கிக் குடித்துவிட்டு அவன் வீட்டுக்குள் நுழைகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு பூத்தில் வரிசையில் நிற்பேன். எங்களுக்குள் பேச ஒன்றும் இருக்காது. "என்ன சாப்பிட்ட?" என்பேன். "களியும் கீரையும்" என்பாள். நான் வைத்த பிறகும் லட்சுமக்கா அவளை விடமாட்டார். அவரைக்காயை முறத்தில் கொட்டி உரிக்கச் சொல்வார். அவன் குடித்துக் கவிழ்ந்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் அனுப்புவார்.

3

என் மனைவி ரீட்டா நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு நாங்கள் கிளம்பியபோது ஸ்டெல்லாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக்கொடுத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. லட்சுமக்காவிடம், இனிமேல் உங்களுக்கு அலைச்சல் இல்லை, அவள் நம்பர் அவள் கையில் என்றேன்.

அவர் அந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நான் என்னாத்துக்கு அந்த வீட்டுக்குப் போவேன்?" என்றார்.

அக்காவுக்குப் பேச்சுத்துணை போகிறதே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

செல் வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. நான் கூப்பிட்டால் யாரும் அந்த வாசலுக்குப் போக வேண்டியதில்லை. மணி அந்த வீட்டுக்குள்ளேயே அடிக்கும். ஆரோக்கியம் ஸ்பீக்கரைப் போடச் சொல்லி எதிரில் உட்கார்ந்திருப்பான். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கறன்." அவ்வளவுதான். யாருக்குப் பேசினாள், எவ்வளவு நேரம் என்று நோண்டிப் பார்ப்பான். அவன் அறியாமல் பேச எங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. அது பேசாமல் இருப்பது.

எல்லையோரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் பாதி நேரம் கர்நாடக டவர்தான் எடுக்கும். ரோமிங் என்று, வரும் அழைப்புக்கும் காசு பிடிப்பார்கள். அதனால் யாரும் யாருடைய போனையும் எடுப்பதில்லை. அடிப்பது, விடுவது, அதிலேயே சேதி. தோட்டத்துக்கு மோட்டார் போட, பஸ் ஏறிவிட்டேன் என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் மிஸ்டு கால். ரோமிங் காசு ஒழிந்த பிறகும் நாங்கள் இருவரும் அதை விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் எனக்கு அடிப்பாள். ஒரு ரிங்கில் விட்டால், இந்த வாரம் அடி இல்லை, நன்றாக இருக்கிறேன். இரண்டு ரிங் என்றால் அடித்தான். ஆரோக்கியம் போனைப் பார்த்தால் அண்ணனுக்கு மிஸ்டு கால் என்று மட்டும்தான் தெரியும். எத்தனை ரிங் என்பது போனில் பதியாது.

இரண்டு ரிங் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றுமில்லை. லீவில் ஊருக்குப் போகும்போது நானும் ரீட்டாவும் இங்கே வந்துவிடு என்போம், விசா கிடைக்காது. ஓசூருக்குப் போய்விடு என்போம், அவள் போகமாட்டாள்.

ஒருமுறை அவளே போலீஸ் நம்பர் நூறுக்கு அடித்தாள். டவர் கர்நாடகத்தது, அதனால் அந்தப் பக்கத்து கண்ட்ரோல் ரூமுக்குப் போய்விட்டது. எதிரில் கன்னடம் கேட்டதும் இவளும் வழக்கம்போல நல்ல கன்னடத்தில் பேசினாள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான், எதிரில் என்ன பாஷை வருகிறதோ அதுவே வாயில் வரும். அவர்கள் இவளைத் தங்கள் பக்கத்துப் பெண் என்றே நினைத்து ஜீப்பை அனுப்பினார்கள். ஜீப் எல்லைக் கல் வரை வந்து, இது எங்கள் லிமிட் இல்லையம்மா என்று வருத்தத்தோடு திரும்பியது. ஆரோக்கியம் அதற்குத் தனியாக அடித்தான். முன்பல் இரண்டு போனது அன்றைக்குத்தான்.

4

இங்கே நான் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ரத்தக் கறையோடு வரும் விரிப்புகளைப் பிரித்து மெஷினில் போடுவது என் பங்கு. ரத்தம் எனக்குப் பழகியதுதான். பழகாதது போன்.

ஆங்கிலேயர்களிடம் போனில் பேரைச் சொன்னால் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஊரையோ பொருளையோ சொல்ல வேண்டும். எனக்கு அவசரத்தில் வருவதெல்லாம் நம் ஊர்கள். "எஸ் ஃபார் சூளகிரி" என்று கேஸ் கம்பெனிப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். மறுபடி சொல்லச் சொன்னாள், மறுபடியும் சூளகிரிதான் வந்தது. அன்றிலிருந்து போன் பேசுவதெல்லாம் ரீட்டாவின் வேலை.

மகள் ஜெனிக்கு இப்போது பத்தொன்பது வயது. அவள் கையில் எப்போதும் போன் இருக்கும், ஆனால் எடுக்கமாட்டாள். நான் கூப்பிட்டால் முழுதாக அடித்து ஓய விட்டு, "என்ன?" என்று எழுதி அனுப்புவாள். முதலில் எழுதி, பேசலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டுமாம்.

"சொல்லாம கூப்பிடறது ஒருத்தர் வீட்டுக் கதவ ஒதைச்சித் தெறந்து உள்ள வர்ற மாதிரி டாட்" என்றாள். அவளுடைய தமிழ் ரீட்டாவிடமிருந்து வந்தது, அதனால் அதில் கொஞ்சம் ஓசூர் இருக்கும்.

"ஒதைச்சித் தெறக்க வேண்டிய கதவும் இருக்குது" என்று சொன்னேன். அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

5

போன வருடம் ஒரு வியாழக்கிழமை. எனக்கு விடுமுறை. காலை பத்து மணி, அங்கே மத்தியானம். சமையலறையில் ஜெனி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மேசை மேல் இருந்த என் செல் ஒருமுறை அடித்து நின்றது. ஸ்டெல்லா.

"அத்தை நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்தேன்.

ஜெனி திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு சண்டே இல்லியே?"

"இல்ல."

"அப்போ எதுக்கு அடிக்கணும்?"

டீயைக் கீழே வைத்தேன். நல்லா இருக்கிறேன் என்று வியாழக்கிழமை சொல்ல அவளுக்கு ஒரு அவசியமும் இல்லை. அவள் ஒரு ரிங்கில் விடவில்லை. ஒரு ரிங்கில் யாரோ போனைப் பிடுங்கிவிட்டார்கள்.

திருப்பிக் கூப்பிட்டேன். போன் அணைந்திருக்கிறது என்று கன்னடத்தில் ஒரு பெண் சொன்னாள். மறுபடி கூப்பிட்டேன், அதே பெண். என்ன செய்கிறேன் என்று தெரியாமல், ஊரில் இப்போது நூறுக்குப் பதிலாக வந்திருக்கும் நூற்றுப்பன்னிரண்டை அழுத்தினேன். அது இங்கேயும் போலீஸ் நம்பர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. என்ன உதவி வேண்டும் என்று ஒரு அம்மா அமைதியாகக் கேட்டார். என் தங்கையைக் கொல்கிறான் என்றேன். முகவரி கேட்டார். பேரிகை என்றேன். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். ஜெனி என் கையிலிருந்து போனை வாங்கி, இந்தியாவில் நடக்கிறது என்று விளக்கினாள். அந்த அம்மாவால் பேரிகைக்கு வண்டி அனுப்ப முடியவில்லை. எல்லைக் கல் இங்கேயும் இருந்தது.

கூடத்தின் மூலையில் தரைவழி போன் இருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. விரல் தானாகப் போயிற்று. இரண்டு சைபர், இந்தியா, ஊர்க் குறியீட்டில் முதல் சைபரை விட்டுவிட வேண்டும், பிறகு அந்த இரண்டு, பிறகு பழைய நம்பர். பதினெட்டு வருடமாக அழுத்தாத நம்பர்.

மணி அடித்தது.

"அலோ" என்றார் லட்சுமக்கா.

"அக்கா, சேவியர். ஸ்டெல்லா வேணும்."

அவ்வளவுதான் சொன்னேன். அடிக்கிறான் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, தெருவுக்கே அது தெரிந்திருக்கும்.

"வைக்காத" என்றார். "லைன்லயே இரு. கூப்பிட்டுட்டு வரேன்."

ரிசீவரைப் பலகையில் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் போனது. அந்த வீட்டுக் கோழிகள் கேட்டன. தூரத்தில் டெம்போவில் தக்காளிப் பெட்டி ஏற்றும் சத்தம். பிறகு "நாகராஜா, வாடா" என்று லட்சுமக்கா மகனைக் கூப்பிடுவது. பிறகு ஒரு அலறல். அது ஸ்டெல்லா இல்லை, லட்சுமக்கா. பிறகு பல கால்கள் ஓடின. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தம், விடாமல், விடாமல். ஜெனி ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தியிருந்தாள். ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு லட்சுமக்கா சொன்னார். ஆரோக்கியம் மம்முட்டிக் காம்பால் அடித்திருக்கிறான். தலைக்குக் குறுக்கே வைத்த இடது கை முதல் அடியில் முறிந்தது. இரண்டாவது அடி மண்டையில். மூன்றாவது, போனை எடுக்கப் போன கையில். தரையெல்லாம் ரத்தம், அதில் உடைந்த செல். லட்சுமக்கா வாசற்படியில் போய் நின்றார்.

"ஸ்டெல்லா, உனக்கு போன் வந்திருக்குது."

"அவ செல்லுக்குப் பண்ணச் சொல்லு" என்றான்.

"செல்லுதான் தரையில கெடக்குதே. லண்டன்லருந்து லைன்ல நிக்கறான். வா ஸ்டெல்லா."

"அடி பட்டுக் கெடக்கறா. கண்ணு தெரியல உனக்கு?"

"காதுல அடி படலியில்ல. வா."

அவன் காம்பை ஓங்கியபடி அப்படியே நின்றானாம். என்ன செய்வதென்று தெரியாதவன் போல. அந்த நேரத்தில் அக்கா படியைத் தாண்டி உள்ளே போய், அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். வாசலுக்கு வரும்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. காம்பு அக்காவின் தோளில் இறங்கியது. அப்போது நாகராஜும் டெம்போ ஆட்களும் வந்துவிட்டார்கள். அவனைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். நான் கேட்ட ஈரத்துணிச் சத்தம் அதுதான். நிறுத்தச் சொல்லிக் கத்தியிருந்தால் ரிசீவர் வழியாகக் கேட்டிருக்குமோ என்னவோ. நான் கத்தவில்லை.

ஆட்டோ வருகிற வரை ஸ்டெல்லாவைக் கல் வீட்டுத் திண்ணையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அவள் ரிசீவரைக் கேட்டிருக்கிறாள். லட்சுமக்கா காதில் பிடித்தார்.

"அண்ணா."

"ஸ்டெல்லா."

"போன் வந்திருக்குதுன்னாங்க" என்றாள்.

6

ஓசூர் ஆஸ்பத்திரியில் மண்டையில் தையல் போட்டு, கையில் பிளேட் வைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகத் தெரிந்தன. என் காலடி கேட்டே யாரென்று சொன்னாள்.

ஸ்டேஷனில் குடும்பத் தகராறு என்றார்கள். புகாரை எழுத வைக்க ஒரு பகல் ஆயிற்று. விசாரித்த போலீஸ்காரர் லட்சுமக்காவிடம், "நீ எதுக்கும்மா அந்த வீட்டுக்குள்ள போன?" என்று கேட்டார். அக்கா தோளில் கட்டோடு நின்றார். "போன் வந்துச்சு சார்" என்றார். "போன் வந்தா?" "கூப்பிடணுமில்ல சார்." அவர் பேனாவை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். பிறகு அதையே எழுதிக்கொண்டார்.

ஆரோக்கியம் உள்ளே போய் ஜாமீனில் வந்துவிட்டான். தாடை கோணிவிட்டது, சாராயம் குடிக்க அது தடையாக இல்லை என்கிறார்கள். அவனை அடித்ததாக நாகராஜ் மேலும் ஒரு வழக்கு இருக்கிறது. ஸ்டெல்லா இப்போது ஓசூரில் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். ரோஜாப் பூ ஏற்றுமதி செய்யும் கூடத்தில் முள் எடுத்துக் கட்டும் வேலை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. புதிய நம்பர். அது நான்கைந்து பேருக்குத்தான் தெரியும், நான் இங்கே எழுதமாட்டேன்.

பழைய கணக்கை அவளே மாற்றினாள். "இனிமே ஒரு ரிங்குல நின்னுட்டா உடனே பண்ணுண்ணா. யாரா இருந்தாலும் பண்ணு" என்றாள்.

அந்த வியாழக்கிழமை ஜெனி என்னிடம் அந்தத் தரைவழி நம்பரைக் கேட்டு வாங்கித் தன் செல்லில் போட்டுக்கொண்டாள். லட்சுமக்கா என்று போடு என்றேன். எட்டிப் பார்த்தால் 'பி.பி.' என்று போட்டிருந்தாள். இப்போதும் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒரு ரிங்கில் வைத்துவிட்டால் மட்டும் அலறி அடித்துக்கொண்டு திருப்பிக் கூப்பிடுகிறாள்.

7

இங்கே கம்பியை வெட்டியது இந்தத் திங்கட்கிழமை. ஊரில் லட்சுமக்கா வீட்டுக் கம்பி அதற்கு முன்பே போய்விட்டது. கம்பெனிகளுக்காகச் சாலையை அகலப்படுத்த ஜே.சி.பி. வைத்துத் தோண்டியதில் அறுந்தது, யாரும் வந்து ஒட்டவில்லை. அக்கா போன் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் அறுந்த பிறகு எழுத என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

நேற்று சனிக்கிழமை. மத்தியானம் சூப்பர் மார்க்கெட்டில் காசு கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். செல் ஒரு ரிங் அடித்து நின்றது. நாகராஜின் நம்பர். வரிசையை விட்டு நகராமலே திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஆமாப்பா, இங்கதான் இருக்கறா" என்றார் லட்சுமக்கா, ஊருக்கே கேட்கும்படி. "இரு, கூப்பிடறேன்."

"யாருக்கா?"

"ஆமா, ஜெயந்திதான். வைக்காத, லைன்லயே இரு."

எனக்கு எந்த ஜெயந்தியையும் தெரியாது. போனில் ஒரு ஆண் குரல் கேட்டது, நம் பக்கத்துப் பேச்சு இல்லை. வேறு ஜில்லாவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவனாக இருக்க வேண்டும். அக்கா அவன் வாசலில் நிற்கிறார்.

"உங்க வீட்டு போன் கம்பிதான் அந்து கெடக்கே. யார ஏமாத்துற கெழவி?"

"செல்லுல வந்திருக்குதுப்பா. நம்பர நீயே பாரு, ப்ளஸ் போட்டு வந்திருக்குது. லண்டன்லருந்து என்ன அவசரமோ. ஜெயந்தி, இந்தா, உனக்குத்தான்."

போன் கை மாறியது. மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

"அம்மா" என்றேன். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆமாங்கன்னு மட்டும் சொல்லுங்க. நடக்க முடியுதா?"

"ஆமாங்க."

"ரத்தம் வருதா?"

"ஆமாங்க."

"யாருடி அது?" என்றது அந்த ஆண் குரல், மிக அருகில்.

அவள் மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டாள். "எங்கண்ணன்" என்றாள்.

"பேசிட்டே அக்கா கூட நடங்க. நான் பேசறேன், நீங்க கேட்டுட்டே நடங்க."

என்ன பேசுவது? கேஸ் கம்பெனிக்கு போன் பண்ணவே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். கூடையில் இருந்ததைப் பார்த்தேன். தக்காளி இருந்தது. இங்கே தக்காளி என்ன விலை தெரியுமாம்மா என்று ஆரம்பித்தேன். விலையைச் சொன்னேன். சிவப்பாக இருக்கும், ருசியே இருக்காது, ராயக்கோட்டை மண்டியில் இதைக் கீழே கொட்டிவிடுவார்கள் என்றேன். இங்கே மழை என்றேன். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், போன் எடுக்கமாட்டாள் என்றேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற பெண் தன் வண்டியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நான் சத்தமாகத்தான் பேசினேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நாய் குரைத்தது. பின்னால் அவன் ஏதோ கத்தினான், குரல் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. பிறகு அக்கா வீட்டு இரும்புக் கேட் கிறீச்சிட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கோழிகள்.

"வந்துட்டனுங்க" என்றாள்.

"சரிம்மா. வெச்சிடவா?"

"வெச்சிடாதீங்கண்ணா. இன்னுங் கொஞ்சம் பேசுங்க."

என் முறை வந்து, கடைக்காரப் பெண் கூடைக்குக் கை நீட்டினாள். எனக்குப் பின்னால் நின்றவளைப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன். போனை வலது காதில் இன்னும் அழுத்திக்கொண்டு, தக்காளி விலையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.